பம்பரத்தின் படம்

ரொம்பக் காலத்துக்கு முன்னால், குறுமலை நாட்டைச் செங்கோடவர்மன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். அந்த ராஜாவைப் பம்பரம் ஆண்டுவந்தது. பம்பரம் அவர் ஆசையாக வளர்த்த நாய். பெயருக்கேற்றபடி ஓர் இடத்தில் நிற்காது.

ஒருநாள் ராஜா அரண்மனைச் சித்திரக்காரன் கோலப்பனைக் கூப்பிட்டு, பம்பரத்தைப் படம் வரையச் சொன்னார். கோலப்பன் பாடு திண்டாட்டமாகிவிட்டது. காதை வரையலாம் என்று தூரிகையை எடுத்தால் நாய் வாலைக் காட்டியது. வாலை வரையப் போனால் வண்ணக் கிண்ணத்தைக் கவிழ்த்துவிட்டு ஓடியது. சரி, தெரிந்தவர்களைக் கேட்போம் என்று விசாரித்தான்.

"வலது காது மடிஞ்சிருக்கும்" என்றார் சமையல்காரர்.

"இடது காதுய்யா" என்றான் வாசல் காவலாளி.

கோலப்பனுக்குத் தன் காதுமேலேயே சந்தேகம் வந்து தொட்டுப் பார்த்துக்கொண்டான். எப்படியோ ஒரு வழியாகப் படத்தை முடித்துச் சபைக்குக் கொண்டுவந்தான்.

ராஜா படத்தைப் பார்க்கவில்லை, சபையைப் பார்த்தார். எதற்கும் மற்றவர்கள் அபிப்பிராயத்தைக் கேட்டுக்கொள்வது அவர் வழக்கம். வல்லபராயர் எழுந்தார். கோலப்பன் வேலையைத் தன் மைத்துனனுக்கு வாங்கித் தர வெகுநாளாகத் துடித்துக்கொண்டிருந்த மந்திரி அவர்.

"மகாராஜா, மனுஷர் பொய் சொல்லலாம். பம்பரம் பொய் சொல்லுமா? படத்தை நாய்க்கே காட்டுவோம். பார்த்து வாலாட்டினால் கோலப்பன் இருக்கட்டும். இல்லாவிட்டால் நாட்டைவிட்டுப் போகட்டும்."

"நல்ல யோசனை" என்றார் ராஜா.

"மகாராஜா, வீட்டில் மனைவி நிறைமாதமாக இருக்கிறாள்" என்றான் கோலப்பன். இந்த நிலையில் அவளைக் கூட்டிக்கொண்டு எந்த ஊருக்குப் போவான்? படத்தைப் பார்த்து நாய் ஏன் வாலாட்ட வேண்டும்? தன் முகம் எப்படியிருக்கும் என்று அதற்குத் தெரியுமா? ஒன்றும் புரியாமல் விழித்தவன் கண்ணில், சிம்மாசனத்தின் பக்கத்தில் சாய்த்து வைத்திருந்த ராஜாவின் படம் பட்டது.

அந்த நாட்டில் ஒரு வழக்கம். ராஜா வேட்டைக்குப் போனால் அந்தப் படத்தைச் சிம்மாசனத்தில் ஏற்றிவிடுவார்கள். மந்திரிகள் அதை ராஜாவாகவே நினைத்து விழுந்து கும்பிட வேண்டும். அதை வரைந்தவன் வல்லபராயரின் மைத்துனன்.

"மகாராஜா, எனக்கு ஒரே குழப்பமாக இருக்கிறது" என்றான் கோலப்பன். "பம்பரத்துக்குப் படம் பார்க்கத் தெரியுமோ, தெரியாதோ. உங்களைக் கண்டால் அது வாலாட்டாமல் இருந்ததில்லை. முதலில் உங்கள் படத்தைக் காட்டிப் பார்க்கலாமா?"

ராயர் மறுப்பதற்குள் ராஜா தலையாட்டிவிட்டார். பம்பரம் துள்ளிக்கொண்டு வந்தது. ராஜாவின் படத்தை மோந்து பார்த்தது. பின்னங்காலைத் தூக்கியது.

படத்திலிருந்த ராஜா நனைந்துபோனார்.

"என்ன ராயரே இது?" என்றார் ராஜா.

"நாய்தானே மகாராஜா, அதற்கென்ன தெரியும்?"

"தெரியாதென்றால் என் படத்தை அது எப்படி ஐயா சோதிக்கும்?" என்றான் கோலப்பன்.

"அப்படியில்லை, அது பொய் சொல்லாது..."

"பொய் சொல்லாதென்றால், இத்தனை நாளாக நீர் கும்பிட்டது யாரை?" என்றார் ராஜா.

"அது வந்து... நாய்க்குத் தெரியும்... இல்லை, தெரியாது..." ராயர் நாக்குக் குழறியது.

ராஜாவுக்கும் தலை சுற்றியது. "அப்படியானால் இது பம்பரம்தானா இல்லையா என்று யார்தான் சொல்வது?"

"தினமும் அதைக் கொஞ்சுகிறவர் சொல்லட்டும் மகாராஜா" என்றான் கோலப்பன். " நீங்கள்தான் இன்னும் படத்தைப் பார்க்கவே இல்லையே."

ராஜா இறங்கி வந்து பார்த்தார். நாலு காலும் தரையில் படாமல், இரண்டு காதும் காற்றில் பறக்க, ராஜாவின் செருப்பைக் கவ்விக்கொண்டு ஒரு நாய் ஓடிக்கொண்டிருந்தது. அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"என் திருட்டுப் பயல்தான் இது" என்று சொல்லிக் தன் கழுத்துச் சங்கிலியைக் கழற்றிக் கோலப்பனுக்குப் போட்டார். "நீ எங்கேயும் போக வேண்டாம். உன் பிள்ளை இந்த ஊரிலேயே பிறக்கட்டும்."

பிறகு திரும்பினார். "ராயரே, தண்ணீரும் துணியும் கொண்டுவந்து என்னைத் துடையும்."

ராயர் கொண்டுவந்தார். படமென்றாலும் ராஜா ராஜாதானே, விழுந்து கும்பிட்டுவிட்டுத்தான் துடைக்க வேண்டியிருந்தது.