டீ வந்த பிறகு

முன்னொரு காலத்தில், அதாவது போன மழைக்கு முந்தின மழையில், மதுரையில் ஒரு கம்பெனி இருந்தது. ஆம்னி பஸ்களுக்கு ஆன்லைனில் டிக்கெட் விற்கிற கம்பெனி. அங்கே சிவநேசன் என்று ஒருவர் ஒரு டீமுக்குத் தலைவராக இருந்தார்.

அந்த டீமில் பாதிப் பேர் ஆபீசில் இருப்பார்கள். பாதிப் பேர் வீட்டிலிருந்து வேலை பார்ப்பார்கள். சில வாரம் இவர்கள் வீட்டுக்குப் போவார்கள், அவர்கள் ஆபீசுக்கு வருவார்கள். தினமும் காலையில் இரண்டாவது மாடிக் கண்ணாடி அறையில் மீட்டிங். வீட்டில் இருக்கிறவர்கள் சுவரில் மாட்டிய திரையில் கட்டம் கட்டமாக வந்து உட்காருவார்கள்.

இப்படி நாள் போய்க்கொண்டிருந்தபோது, தீபாவளிக்கு முந்தின வாரம், ஒரே சீட் இரண்டு பேருக்கு விற்றுப் போயிற்று. ஒரு சீட் என்றால் பரவாயில்லை. ஒரு பஸ்ஸில் பாதி சீட் அப்படி. மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் கைகலப்பு. நிறைமாதக்காரி ஒருத்தி கையில் டிக்கெட்டோடு திருச்சி வரைக்கும் நின்றுகொண்டே போனாள். அந்தப் படம் ஊரெல்லாம் சுற்றிவிட்டது.

கம்பெனி டைரக்டர் சிவநேசனைக் கூப்பிட்டார்.

"யாரால நடந்துச்சு?"

"பாத்துட்டிருக்கோம் சார்."

"பாக்க வேணாம். எனக்கு ஒரு பேர் வேணும். நாளைக்கு சாயங்காலத்துக்குள்ள மெயில்ல வந்துடணும். அந்தப் பேர் அப்புறம் இந்த டீம்ல இருக்கக் கூடாது."

சிவநேசனுக்குப் பேர் தெரியும். இசக்கியம்மாள். தென்காசிப் பக்கத்து ஊர். மாதத்தில் ஒரு வாரம் மதுரைக்கு வருவாள், மீதி நாள் வீட்டிலிருந்து வேலை. கணவர் லாரியிலிருந்து விழுந்து இடுப்பு உடைந்து படுக்கையில் இருந்தார். வீட்டுக்குள் சம்பளம் என்று வருவது அவளுடையது ஒன்றுதான்.

நடந்தது இதுதான். சீட்டைத் தேர்ந்தெடுத்தவர் பணம் கட்டுவதற்குப் பத்து நிமிஷம் அந்த சீட் அவருக்காகக் காத்திருக்கும். அதை ஐந்து நிமிஷமாகக் குறைப்பது என்று டீமில் முடிவானது. அந்த வேலையில் இருந்த மற்றவர்கள் மாற்றினார்கள். இசக்கியம்மாள் எழுதிய, பணம் வாங்குகிற பகுதி மட்டும் பத்திலேயே நின்றது. ஐந்தாவது நிமிஷத்தில் சீட் இன்னொருவருக்குப் போனது. எட்டாவது நிமிஷத்தில் முதல் ஆளின் பணமும் வந்து சேர்ந்தது.

சிவநேசன் அவளுக்குப் போன் போட்டார்.

"எனக்கு யாரும் சொல்லலியே சார்."

"எல்லாருக்கும் தெரியும். உங்களுக்கு மட்டும் எப்படிம்மா தெரியாமப் போகும்?"

"நான் ஒரு மீட்டிங்கும் விட்டதில்ல சார். கடைசில டம்ளர் சத்தம் கேக்கும். அதோட லைன் கட்டாயிரும். அதுவரைக்கும் இருக்கேன்."

"டம்ளர் கதையெல்லாம் வேணாம்மா."

அவள் போனை வைத்தாள்.

சிவநேசன் மெயிலை எழுதி வைத்தார். முதல் வரியில் அவள் பெயர். இரண்டாவது வரியில், வருகிற திங்கள் முதல் எல்லோரும் தினமும் ஆபீசுக்கு வர வேண்டும் என்று. எழுதிவிட்டாரே தவிர அனுப்பக் கை வரவில்லை. மூன்றாவது மாடிக்கு ஏறினார்.

மூன்றாவது மாடியில் எஸ்தர் இருந்தாள். ஒரு காலத்தில் சிவநேசனிடம் வேலை கற்றுக்கொண்டவள். இப்போது இன்னொரு டீமை நடத்துகிறாள். அவள் ஆட்களிலும் பாதிப் பேர் எங்கெங்கோ இருந்தார்கள். ஆனால் அங்கே யாரும் யாரைப் பற்றியும் புகார் சொல்லிக் கேட்டதில்லை. அதனால் ஆபீசில் அவளுக்கு 'மூணாவது மாடிச் சாமி' என்று பேர். கேலியாகத்தான் சொல்வார்கள். சிக்கல் என்று வந்தால் அவளிடம்தான் போய் நிற்பார்கள்.

எஸ்தர் கொய்யாக்காயை மிளகாய்ப்பொடியில் தொட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். சிவநேசன் நின்றுகொண்டே கேட்டார்.

"தூரத்துல இருக்கறவங்களை எப்படி எஸ்தர் நடத்தறது?"

"யாரு சார் தூரத்துல இருக்கா?"

"இசக்கியம்மா."

"எங்கேருந்து தூரம்?"

"இங்கேருந்துதான். வேற எங்கேருந்து?"

எஸ்தர் ஒரு துண்டை அவரிடம் நீட்டினாள். அவர் வாங்கவில்லை.

"மெயில் போயிருச்சா சார்?"

"இன்னும் இல்ல. நாளைக்கு சாயங்காலம் கடைசி."

"அப்ப நாளைக்கு ஒரு பகல் உங்க நாற்காலியை எனக்குக் குடுங்க. நீங்க கண்ணாடிக்கு வெளிய உக்காந்து போன்ல மீட்டிங்ல சேருங்க. சாயங்காலம் வரைக்கும் அந்த ரூமுக்குள்ள வரக் கூடாது."

"நான் கேட்டது என்ன, நீங்க சொல்றது என்ன? அந்தப் பொம்பளையோட வேலை போகப் போகுது."

"அதனாலதான் சார்."

மறுநாள் காலை, தண்ணீர் கேன் வைத்திருக்கிற மேஜைக்குப் பக்கத்தில் சிவநேசன் உட்கார்ந்தார். காதில் ஹெட்போன். எதிரே கண்ணாடி. அறைக்குள் அவருடைய நாற்காலியில் எஸ்தர்.

உள்ளே போகிற வழியில் கோபிநாத் அவரைப் பார்த்துச் சிரித்தான். டீமில் வாயாடி அவன்தான்.

"என்ன சார், வெளிய?"

"இன்னைக்கு நான் வீட்டிலேருந்து வேலை பாக்கறதா வச்சுக்கப்பா."

"வீட்டுக்கே போயிருக்கலாமே சார். ஒரு தூக்கமாச்சும் மிஞ்சியிருக்கும்."

மீட்டிங் தொடங்கியது. திரையில் கட்டங்கள் வந்தன. ஒரு கட்டத்தில் இசக்கியம்மாள் இருந்தாள். இன்னொரு கட்டத்தில் சிவநேசனே இருந்தார். அறைக்குள் பேசுகிறவர்களின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் வந்தது. இரண்டு பேர் சேர்ந்து பேசினால் ஒன்றும் புரியவில்லை. நடுவில் அவர் ஒரு வார்த்தை சொல்ல வாயெடுத்தார். அதற்குள் பேச்சு வேறு பக்கம் போய்விட்டது.

தப்பைச் சரிசெய்த புரோகிராமை எப்போது ஏற்றுவது என்று பேசினார்கள். சனிக்கிழமை என்று முடிவாயிற்று. சனிக்கிழமை, சனிக்கிழமை என்று கட்டம் கட்டமாகத் தலையாட்டினார்கள். சிவநேசனும் ஆட்டினார். இசக்கியம்மாளும் ஆட்டினாள்.

அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு டீத் தட்டு உள்ளே போனது. சிவநேசன் காதில் டம்ளர்கள் உரசுகிற சத்தம் கேட்டது.

லைன் கட்டாயிற்று. டீ வந்தால் மீட்டிங் முடிந்தது என்று திரையை அணைத்துவிடுவது அங்கே வழக்கம்.

அவர் ஹெட்போனைக் கழற்றவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு கோபிநாத் என்னமோ சொன்னான். ஹசீனா என்கிற பெண் இல்லையென்று தலையசைத்தாள். அவன் மறுபடி சொன்னான். அவள் எழுந்து போய்ப் பலகையில் எதையோ எழுதினாள். இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். அவள் அதை அழித்துவிட்டு வேறு எழுதினாள். சிரித்தார்கள். ஒருவன் திரும்பிக் கண்ணாடி வழியாக சிவநேசனைப் பார்த்தான். அவரும் சிரித்து வைத்தார். எதற்கென்று தெரியாமலே.

அவர் பாதி எழுந்தார். உள்ளேயிருந்து எஸ்தர் அவரைப் பார்த்தாள். கையிலிருந்த டம்ளரை வாய்க்குக் கொண்டுபோனாள். அவர் உட்கார்ந்துவிட்டார்.

ஹசீனா பலகையைத் துடைத்தாள். எல்லோரும் வெளியே வந்தார்கள்.

"என்னப்பா பேசினீங்க?"

"ஒண்ணுமில்ல சார். சும்மா டீப் பேச்சு," என்றான் கோபிநாத்.

மத்தியானம் முழுக்க சிவநேசனுக்கு அதே யோசனை. என்னைப் பற்றித்தான் பேசியிருப்பார்களோ. என் நாற்காலி எஸ்தருக்குப் போகிறதோ. டைரக்டர் ஏற்கெனவே சொல்லிவிட்டாரோ. துடைத்த பலகையைக் கண்ணாடி வழியாகப் போய்ப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். பலகை வெள்ளையாக இருந்தது.

நாலு மணிக்கு டைரக்டரிடமிருந்து போன்.

"எப்ப ஏத்தறீங்க?"

"சனிக்கிழமை சார். காலையிலேயே உங்களுக்குச் செய்தி அனுப்பியிருந்தேனே."

"அனுப்பினீங்க. நானும் பஸ்காரங்களுக்கெல்லாம் சனிக்கிழமைன்னு சொல்லிட்டேன். இப்ப லிஃப்ட்ல உங்க கோபிநாத்தைப் பாத்தேன். இன்னைக்கே ஏத்தறோம் சார்ங்கறான். உங்க டீம்ல என்ன நடக்குதுன்னு உங்களுக்கே தெரியாதா சிவநேசன்?"

சிவநேசன் வேகமாக கோபிநாத்தின் இடத்துக்குப் போனார். முகம் கருத்திருந்தது.

"யாரைக் கேட்டு இன்னைக்குன்னு மாத்தினீங்க?"

கோபிநாத் நிஜமாகவே முழித்தான்.

"காலையில பேசினோமே சார். சனிக்கிழமை கூட்டம் ஜாஸ்தி, இன்னைக்கே ஏத்திரலாம்னு. ஹசீனா மேடம் கணக்குப் போட்டுக்கூடக் காட்டினாங்க."

"எனக்குத் தெரியாது."

"நீங்க அங்கதானே சார் இருந்தீங்க? எல்லாருக்கும் தெரியுமே. உங்களுக்கு மட்டும் எப்படித் தெரியாமப் போகும்?"

சிவநேசன் கண்ணாடி அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

கோபிநாத் மெதுவாகக் கேட்டான். "சார், நான் எதுவும் தப்பாச் சொல்லிட்டேனா?"

அவர் தண்ணீர் கேன் மேஜைக்குத் திரும்பினார்.

ஆட்கள் ஒவ்வொருவராகக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். எஸ்தர் சாப்பாட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மாடியிலிருந்து இறங்கி வந்தாள். சிவநேசன் இன்னும் அந்தத் தண்ணீர் கேன் மேஜையிலேயே இருந்தார். எதிரே லேப்டாப்பில் மெயில் திறந்தபடி இருந்தது.

"உள்ள இருந்தீங்கல்ல எஸ்தர்? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"இருந்தேன் சார். டீ நல்லா இருந்துச்சு."

"அவங்ககிட்ட முன்னாலேயே சொல்லி வச்சீங்களா? இப்படிச் செய்யுங்கன்னு?"

"இல்ல சார். நான் வாயே திறக்கல. உங்க நாற்காலில உக்காந்து, மத்த நாள்ல நீங்க என்ன செய்வீங்களோ அதைச் செஞ்சேன்."

சிவநேசன் பார்வை கண்ணாடி மேலேயே இருந்தது.

"அந்த அஞ்சு நிமிஷ விஷயம்," என்றார். "அன்னைக்கும் டீ வந்த பிறகுதான் பேசியிருப்போம்."

எஸ்தர் மேஜை ஓரத்தில் சாய்ந்து நின்றாள்.

"ஒரு பகல்தான் எஸ்தர். பைத்தியம் பிடிச்ச மாதிரி ஆயிடுச்சு. எதிர்லயே உக்காந்திருக்கேன். உதடு அசையுது. சிரிக்கறாங்க. என்ன பேசறாங்கன்னு தெரியல."

எஸ்தர் பையின் வாரைச் சரிசெய்துகொண்டாள்.

"இசக்கியம்மாவுக்கு உதடும் தெரியல சார்."

அவள் படியிறங்கிப் போனாள். செருப்புச் சத்தம் கீழே கீழே போய் நின்றது.

சிவநேசன் மெயிலின் இரண்டாவது வரியை அழித்தார். பிறகு முதல் வரியில் இருந்த பெயரை அழித்தார். அந்த இடத்தில் தன்னுடைய பெயரை எழுதி அனுப்பினார்.

லேப்டாப்பை மூடிவிட்டு எழுந்தார். கண்ணாடி அறைக்குள் காலையில் குடித்த டம்ளர்கள் எடுக்காமல் அப்படியே கிடந்தன. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று கொஞ்ச நேரம் அவற்றைப் பார்த்தார். பிறகு விளக்கை அணைத்துவிட்டு அவரும் நடந்தார்.