பிளாஸ்கில் வைத்த காப்பி

இதை எனக்கு முதலில் சொன்னது எங்கள் சர்ச் பாடகர் குழுவில் பாடும் எஸ்தர் மதினி. போன அறுப்பின் பண்டிகையன்று சாம்பாருக்குக் காய் நறுக்கிக்கொண்டே சொன்னாள். சிரித்த சிரிப்பில் பாதி வெண்டைக்காய் தரைக்குப் போயிற்று.

நாகர்கோவிலில் அருமைநாயகம், பாக்கியநாதன், செல்லையா என்று அண்ணன் தம்பி மூன்று பேர் ஒரே வீட்டில் இருந்தார்கள். ரொம்ப நல்ல மனுஷர்கள். சொன்னதைச் சொன்னபடியே செய்வார்கள். சிக்கலே அதுதான்.

மூத்தவர் அருமைநாயகத்தின் மனைவி கனகம் பாடினால் கோயிலே அசையாமல் கேட்கும். அவர் கூடப் பாட வாயைத் திறந்தால் மட்டும் "ஸ்ஸ்" என்று அடக்கிவிடுவாள். அவள் கர்த்தருக்குள் நித்திரையான பிறகு, பதிந்து வைத்த பாட்டையெல்லாம் மகள் ஜெசிந்தா ஒரு பெட்டிக்குள் போட்டுக் கூடத்தில் வைத்துவிட்டு மஸ்கட்டுக்குப் போனாள். பெட்டிக்குள் இரண்டு ஹார்ட் டிஸ்க், இரண்டிலும் அதே பாட்டுகள். சாயந்தர ஜெபம் முடிந்து அதில் ஒரு பாட்டுக் கேட்டால்தான் அருமைநாயகத்துக்குச் சோறு இறங்கும்.

ஒருநாள் காலை ஜெசிந்தா போன் பண்ணினாள்.

"அப்பா, ஒரு டிஸ்க்குக்கு ஹெல்த் சரியில்லைன்னு மெசேஜ் வந்திருக்கு. சூடு எவ்வளவுன்னு பாருங்க. ஒரு டெஸ்ட் வைங்க. முக்கியமா ரெண்டு காப்பி எடுங்க. ஒண்ணு வீட்டுல இருக்கட்டும், ஒண்ணை வேற ஊர்ல வைங்க. இல்லேன்னா அம்மா குரல் போயிரும்."

வேலைக்கு நேரமாகிவிட்டதென்று வைத்துவிட்டாள். அருமைநாயகம் தம்பிகளைக் கூப்பிட்டு, அவள் சொன்னதை அப்படியே ஒப்பித்தார்.

செல்லையா காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரோடு வந்தார். "அண்ணே, இதுக்குக் கக்கம் எங்க இருக்கு?"

"வாயில வை."

"வாயும் இல்ல. பின்னால வயர் போற ஓட்டைதான் இருக்கு."

"எலே, அது கனகம் இருக்கிற பெட்டி. மரியாதையா இரு," என்றார் அருமைநாயகம். புறங்கையை வைத்துப் பார்த்தார், சுட்டது. ஈரத்துணியை நன்றாகப் பிழிந்து மேலே போட்டார்கள்.

அடுத்தது டெஸ்ட். பாக்கியநாதன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பெட்டிமுன் உட்கார்ந்தார். "ஏழெட்டு எவ்வளவு?"

பெட்டி 'கிர்ர்' என்றது.

"தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லணும். பல்லைக் கடிக்கப்படாது."

"நீ வாய்ப்பாடு கேட்டா அது என்ன செய்யும்? உடம்பு சரியில்லாத பிள்ளை," என்றார் செல்லையா. அதனால் பாஸ் போட்டுவிட்டார்கள்.

இனிக் காப்பி. செல்லையா டிகாஷன் இறக்கினார்.

"சீனி போடணுமா அண்ணே?"

"கனகத்துக்குச் சீனி ஆகாது."

ஒரு டம்ளர் பெட்டிமுன் வைக்கப்பட்டது. இன்னொன்றைப் பிளாஸ்கில் ஊற்றி, பாக்கியநாதன் பஸ் ஏறி, மார்த்தாண்டத்தில் தங்கச்சி வீட்டு பீரோவில் வைத்துப் பூட்டினார்.

ஜெசிந்தா மறுபடி கூப்பிட்டாள். "காப்பி எடுத்தாச்சாப்பா?"

"எடுத்தாச்சு மக்களே. ஒண்ணு இங்க. ஒண்ணு மார்த்தாண்டத்துல அத்தை வீட்டு பீரோவுல."

"அப்பாடா. அந்தக் காப்பியைத் திறந்து, அம்மா குரல் சரியா வருதான்னு பார்க்கச் சொல்லுங்க."

அருமைநாயகம் உடனே தம்பிக்குப் போன் போட்டார். பாக்கியநாதன் பிளாஸ்கைக் காதோடு அணைத்து மூடியை மெல்லத் திருகினார்.

"அண்ணே, 'ஸ்ஸ்'னு கேக்குது."

அருமைநாயகம் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அவளேதான். மூடிருலே, மூடிரு. நான் கூடப் பாடிருவேன்னு நினைச்சுட்டா."

விஷயம் தெரிந்த ஜெசிந்தா லீவு போட்டு ஓடிவந்தாள். இரண்டாவது டிஸ்க் நன்றாக இருந்தது. பாட்டெல்லாம் தப்பியது, கர்த்தருக்கு ஸ்தோத்திரம். எல்லாவற்றையும் புது டிஸ்க்கில் ஏற்றி அப்பாவுக்குப் போட்டுக் காட்டினாள்.

அவர் கண்ணை மூடிக் கேட்டார். "பாட்டு நல்லாத்தான் இருக்கு மக்களே. ஆனா அவ என்கிட்ட பேசினது அந்தப் பிளாஸ்குலதான்."

பிளாஸ்க் இன்னும் மார்த்தாண்டத்து பீரோவில்தான் இருக்கிறதாம். நீங்கள் அந்த வீட்டுக்குப் போக நேர்ந்தால், தயவுசெய்து காப்பி மட்டும் கேட்காதீர்கள்.