சேறு பூசிய தொண்டர்கள்

பெரிய ஏரிக்கரைக் காட்டில் எல்லா விலங்குகளும் தொண்டர்கள். அப்படித்தான் அவை சொல்லிக்கொண்டன.

அந்தக் காட்டுக்கு மாசானம் என்ற முள்ளெலி பிழைக்க வந்தது. அதன் பொட்டல்காடு தீயில் கருகிப் போயிருந்தது. ஏரிக்கரையோ காடுகளுக்குள் பட்டணம் மாதிரி. கிளைக்குக் கிளை கூச்சல், புதருக்குப் புதர் குடும்பம். வந்து ஒரு மாதமாகியும் மாசானத்திடம் பேசியவர்கள் இரண்டே பேர். ஒருவர் "தள்ளி நில்லு, முள்ளு குத்துது" என்றார். இன்னொருவரும் அதையேதான் சொன்னார்.

மழைக்கு முன் மேட்டில் ஒரு வளை கிடைக்காவிட்டால் மாசானம் திரும்பிப் போக வேண்டியதுதான். அங்கே சாம்பல்தான் இருந்தது.

மேட்டு வளைகளை ஒதுக்குவது ஏரித் தொண்டர் சங்கம். தலைவர், நரி நல்லசிவம். கோடையில் வாய்க்காலில் தூர் வாருகிறவர்களுக்குத்தான் வளை என்பது விதி. யார் வாரினார்கள் என்று எப்படித் தெரியும்? மாலைக் கூட்டத்துக்கு வருகிறவர் உடம்பில் சேறு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். பழைய காலத்து ஏற்பாடு. நியாயமான ஏற்பாடும்கூட, யாரும் யோசிக்கத் தொடங்காத வரையில்.

மாசானம் வாய்க்காலுக்குப் போனது. அங்கே பேச்சி என்ற பெருச்சாளியும் நாலைந்து நண்டுகளும் மட்டும் வேலை செய்துகொண்டிருந்தன. பேச்சி மண்ணைப் பறித்துத் தள்ளும். நண்டுகள் வேரை வெட்டும். மாசானத்துக்கு அவ்வளவாகத் தோண்ட வராது. அது அழுகிய இலைக்குவியலில் புரண்டு எழும். முள்ளில் குத்திய இலைகளைக் கரைக்குச் சுமந்து போய் உதறும். குப்பை வண்டி வந்தாச்சு என்று பேச்சி சிரித்தது. மதியம் பிடித்த வண்டுகளைப் பங்கு போட்டபோது மாசானத்துக்கும் ஒரு பங்கு வைத்தது.

ஒரே ஒரு தப்பு நடந்தது. பொட்டலில் பிறந்த முள்ளெலிக்குச் சேறு ஆகாது. காய்ந்தால் முள்ளோடு தோலையும் இழுக்கும். அதனால் வேலை முடிந்ததும் மணலில் புரண்டு, சுத்தமாகித்தான் அது கூட்டத்துக்குப் போகும்.

நல்லசிவம் அதை மேலும் கீழும் பார்த்தார். அவர் மேலே கழுத்துவரை சேறு. கரையோரப் பள்ளத்தில் ஒரே புரளலில் ஒட்டிக்கொண்டது. செயலாளர் கொக்கு, இரண்டு கால்களிலும் அளவாகப் பூசியிருந்தார். வெள்ளைச் சிறகில் ஒரு பொட்டுகூட இல்லை.

"பதினைஞ்சு நாளா சும்மாவே வர்றீங்களே தம்பி, கூச்சமா இல்லையா?" என்றார் நல்லசிவம்.

தான் வாய்க்காலில் இருந்ததாக மாசானம் சொன்னது. வாய்க்கால் எந்தப் பக்கம் இருக்கிறது என்று கொக்கு அக்கறையாக விசாரித்தார்.

மறுநாள் மாசானம் வேலைக்குப் போகவில்லை. நேரே பள்ளத்துக்குப் போய், பல்லைக் கடித்துக்கொண்டு சேற்றில் புரண்டது. சாயங்காலம் அதற்கு ஆவாரம்பூ மாலை விழுந்தது. தியாகச் செம்மல் என்று பட்டம். மேட்டில் வளையும் கிடைத்தது, நல்லசிவத்துக்கு அடுத்த வாசல்.

விடிந்ததும் மாசானம் வெளியே வந்து வணக்கம் சொன்னது.

"வணக்கம். நீங்க யாரு, ஊருக்குப் புதுசா?" என்றார், மாலை போட்ட அதே நல்லசிவம்.

அன்று முழுக்க மேட்டில் வேறு யாரும் அதனிடம் பேசவில்லை. காய்ந்த சேறு தோலை இழுத்தது. அதை இழுத்துப் பிடிக்க அந்தச் சேறாவது இருந்தது.

அதற்கடுத்த நாள் காலை, பேச்சி மூச்சு வாங்க மேடேறி வந்தது.

"எங்கடா போய்த் தொலைஞ்சே ரெண்டு நாளா? செத்துகித்துப் போயிட்டியோன்னு நண்டுங்க கரை பூரா தேடுது. உன் பங்கு வண்டுல எறும்பு மொய்க்குது."

"வளை கிடைச்சிருக்குக்கா."

"சரி, இங்கயே இரு. வாய்க்கால்ல இன்னும் நாலு முழம் அடைஞ்சு கிடக்கு. மழைக்குள்ள எடுக்கலைன்னா கீழ எங்க வளையெல்லாம் முங்கிடும். மாலை நல்லாத்தான் இருக்கு."

அந்த ஊரில் மாசானத்தைத் தேடியவர் என்று அதுவரை யாரும் இருந்ததில்லை.

அது மாலையைப் பிய்த்துப் போட்டுவிட்டுப் பேச்சியின் பின்னால் இறங்கியது. காலி செய்த வளை திரும்பக் கிடைக்காது என்று கொக்கு விதியை எடுத்துச் சொன்னார். அவர் சொல்லி முடிப்பதற்குள் நல்லசிவத்தின் மைத்துனர் உள்ளே குடியேறியிருந்தார். அவரும் தியாகிதான், முதுகில் சேறு இருந்தது.

நாலு நாளில் வாய்க்கால் திறந்தது. ஐந்தாம் நாள் கொட்டிய மழை, கீழ் வளைகளைத் தொடாமல் ஓடிப் போனது. பேச்சி தன் வளைக்குப் பக்கத்தில் இன்னொன்று தோண்டியிருந்தது. வாசல் மட்டும் கொஞ்சம் அகலம், முள்ளுக்கு இடம் விட்டு.

மேட்டில் அன்று, வெள்ளத்தைத் தடுத்ததற்காக நல்லசிவத்துக்குப் பாராட்டு விழா. போகலாமா என்று நண்டுகள் கேட்டன. மாசானம் அதற்குள் தூங்கிவிட்டிருந்தது.

ஒருநாள் வராமல் போனால் யார் தேடி வருகிறார்களோ, அவர்கள் இருக்கும் இடம்தான் ஒருவருக்குச் சொந்த ஊர்.