ஆயுதபூஜையில் உருகாத ஐஸ்

மின்வாரியம் கேட்கிற நேரத்தில் மிஷினை நிறுத்துவதாகக் கையெழுத்துப் போட்டு, அதற்காகவே கரண்ட் பில்லில் சலுகையும் வாங்கியவர் ஐஸ் கம்பெனி முதலாளி வைரவநாதன். சித்திரை வெயிலில் ஊரெல்லாம் ஏசி ஓட, லைன் தாங்காமல் திணறியது. அவர் ஒரு மணி நேரம் நிறுத்தாவிட்டால் பெரியாஸ்பத்திரி உட்பட ஊருக்கே கரண்ட் போய்விடும். போனில் கேட்ட இன்ஜினீயரையே அவர் கத்தி விரட்டிவிட்டார். கடைசியில் சப்ஸ்டேஷன் உதவியாளர் தங்கபுஷ்பம் சைக்கிளை மிதித்துக்கொண்டு நேரில் போனாள்.

ஐஸ் வாங்க நின்ற மீனவர்கள் முன்னால் முதலாளி எகிறினார். "ஒரு நிமிஷம் நிறுத்தினாலும் அத்தனை ஐஸும் தண்ணியாப் போயிடும்! உருகாம நிறுத்திக் காட்டு, பார்க்கலாம்!"

"நான் எதுக்குங்க காட்டணும்? நீங்களே காட்டிட்டீங்களே," என்றாள் தங்கபுஷ்பம். "போன ஆயுதபூஜைக்கு மிஷினுக்குப் பொட்டு வச்சு, மாலை போட்டு, ஐஸ் ரூம் கதவைச் சாத்திட்டு, பகல் பூரா ஓய்வு குடுத்தீங்க. சாயங்காலம் எங்க ஆபீசுக்குப் பொரியோட ஒரு பெட்டி ஐஸும் அனுப்புனீங்க. கல்லு மாதிரி இருந்துச்சுங்க. நான்தான் சுத்தியல் வச்சு உடைச்சேன்."

மீனவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். முதலாளி தன் கையாலேயே சுவிட்சை இறக்கினார்.

ஊரில் ஒரு விளக்குகூட அணையவில்லை. ஐஸும் அப்படியே இருந்தது. அன்றைக்கு அங்கே உருகி வழிந்தது முதலாளி ஒருவர்தான்.