அம்மை பக்கத்துக் கை

செங்கழுநீர்த்துறை உமையொருபாகர் கோயிலின் தெற்கு வாசலுக்கு எதிரே, தள்ளுவண்டியில் இஸ்திரிப் பெட்டி வைத்து ஊரார் துணியைத் தேய்த்துக் கொடுத்து வாழ்ந்தவர் ஆவுடையப்பர். விடியற்காலையில் கரியைப் பற்றவைப்பார். அது கனிந்து வருவதற்குள் ஆற்றில் முழுகிவிட்டு, பாதி சிவனும் பாதி அம்மையுமாய் நிற்கும் அந்தச் சாமியை ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிடுவார். எவ்வளவு பெரிய வீட்டு வேட்டியானாலும் முதல் துணியாக அவர் தொட்டதில்லை. சாரணர் படைப் பிள்ளைகளின் ஸ்கார்ஃப்தான் அவர் வண்டியில் முதல் சூடு காணும்.

அந்தப் படைக்குப் பதினெட்டு ஆண்டுகளாக அவர்தான் தலைவர். சம்பளம் இல்லாத வேலை. கயிற்றில் முடிச்சுப் போடக் கற்றுக்கொடுப்பது, மழையில் கூடாரம் அடிப்பது, காய்ச்சல்காரர் வீட்டுக்குக் கஞ்சி கொண்டுபோவது என்று நாற்பது பிள்ளைகளைக் கட்டி மேய்த்தார். தேரோட்டத்தன்று கூட்டத்தை ஒழுங்குபடுத்துவதும் வடம் பிடிப்பவர்களுக்குத் தண்ணீர் கொடுப்பதும் அந்தப் படையின் தொண்டு. அதற்காகப் படைத்தலைவரின் தலையில் பரிவட்டம் கட்டுவார்கள். மற்ற நாளெல்லாம் 'ஏ இஸ்திரி' என்று கூப்பிடப்படுகிறவரின் தலையில் அன்று கொஞ்ச நேரம் சாமியின் பட்டு இருக்கும். அடுத்த தேர்வரைக்கும் ஆவுடையப்பருக்கு அது போதும்.

சாரணர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. காலையில் ஸ்கார்ஃப் நுனியில் ஒரு முடிச்சுப் போட்டுக்கொள்ள வேண்டும். அன்றைக்கு ஒரு நல்ல காரியம் செய்த பிறகுதான் அதை அவிழ்க்கலாம். ஆவுடையப்பரின் முடிச்சு காலை பத்து மணியைத் தாண்டியதே இல்லை.

அப்படிப்பட்டவருக்குச் சோதனையாக வந்து சேர்ந்தார் மாசிலாமணி. கல்லூரிக்கு மாற்றலாகி வந்த வெளியூர் விரிவுரையாளர். சாரணர் தலைவருக்கான பயிற்சியை முடித்த சான்றிதழ் வைத்திருந்தார். ஏழு நாள் வண்டியைப் போட்டுவிட்டுப் போனால் அடுப்பு எரியாது என்று ஆவுடையப்பர் போகாமலே விட்ட பயிற்சி அது. மாவட்டத்திலிருந்து கடிதம் வந்தது. இனி மாசிலாமணி தலைவர், ஆவுடையப்பர் உதவியாளர்.

பொறாமை என்பது அடுத்தவர்களுக்கு வருவது என்றுதான் ஆவுடையப்பர் நினைத்திருந்தார். இப்போது அது அவரிடமே குடிவந்து சட்டமாக உட்கார்ந்துகொண்டது. மாசிலாமணியின் விசிலுக்குப் பிள்ளைகள் ஓடினார்கள், இவருக்கு வயிறு எரிந்தது. மாசிலாமணி அடித்த கூடாரம் காற்றில் அசையாமல் நின்றது, அதுவும் பொறுக்கவில்லை. "எங்க சார்" என்று ஒரு பிள்ளை அவரைச் சொன்னபோது, பெட்டிக்குள் இருந்த கரிகூட இவரளவுக்குக் கனன்றிருக்காது.

மாசிலாமணியும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. அணிவகுப்பில் எல்லோர் முன்னாலும், "ஆவுடை, சல்யூட் அடிக்கறதுக்கு முன்னாடி கையக் கழுவிட்டு வாங்க. தொப்பியெல்லாம் கரி" என்றார். பிள்ளைகள் சிரித்தார்கள். ஆவுடையப்பர் கையைக் கழுவிக்கொண்டு வந்தார், தண்ணீர்ப் பானையைத் தூக்கினார். எந்தத் தொண்டும் நிற்கவில்லை. முடிச்சு மட்டும் அவிழாமல் நின்றது.

கண் தெரியாத ஒருவரைச் சாலை கடத்தி விடுவார். முடிச்சுக்குக் கை போகும். 'இதை மாசிலாமணி பார்த்திருப்பாரா?' என்று மனம் கேட்கும். கையை எடுத்துவிடுவார். பொறாமை கலந்த காரியத்தை நல்ல காரியம் என்று சாமியிடம் ஒப்பிக்க அவருக்கு வாய் வரவில்லை. முடிச்சோடு துவைத்தார், முடிச்சைச் சுற்றியே தேய்த்தார். முப்பத்தெட்டு நாளில் அது கல்லாய் இறுகிப்போயிற்று.

தேருக்கு முந்தின நாள் மாசிலாமணி தம் சீருடையைக் கொண்டுவந்தார். "மடிப்பு கத்தி மாதிரி நிக்கணும். நாளைக்கு எனக்குப் பரிவட்டம் கட்டுறாங்க" என்று வைத்துவிட்டுப் போனார்.

ஆவுடையப்பர் சட்டையை விரித்தார். பெட்டியை அதன்மேல் மறந்தாற்போல் விட்டுவிட்டால் போதும். ஒரு விரற்கடை உயரத்தில் பெட்டி நின்றது. அவர் கோபுரத்தைப் பார்த்து வாய்விட்டே சொன்னார்.

"சாமி, இவரு மேல எனக்குப் பொறாமையா இருக்கு. ஒங்கிட்ட மறைச்சு என்ன செய்ய? நீயா எடுக்காட்டா இது போவாது. அதுக்காவ ஒன் தேருக்கு வாறவரு சட்டைய நான் கருக்க மாட்டேன்."

மடிப்பு கத்தி மாதிரியே நின்றது. முடிச்சு அவிழவில்லை.

மறுநாள் தேர் தெற்கு வீதிக்கு வந்து நின்றது. பரிவட்டத் தட்டோடு வந்த தர்மகர்த்தா உலகநாதர், கல்லூரிக்காரர் என்ற மரியாதையில் கைகொடுக்க வலது கையை நீட்டினார். மாசிலாமணி விறைப்பாக நின்று, பழக்கத்தில் இடது கையை நீட்டிவிட்டார். சாரணர்கள் கைகுலுக்குவது இடது கையால்தான். பதினெட்டு ஆண்டுகளாகப் படை இருந்தும் உலகநாதருக்கு அது தெரியாது. இஸ்திரிக்காரருக்கு அவர் என்றைக்குக் கைகொடுத்தார், தெரிந்துகொள்ள?

"என்னவே, பரிவட்டத்துக்கு வந்து நின்னுக்கிட்டு இடது கைய நீட்டுதீரு? என்னய என்னன்னு நெனச்சீரு?" என்று அவர் கத்தினார். "இந்தப் படையே இனிமே தேர்ப்பக்கம் வரப்படாது!"

கூட்டம் கூச்சலிட்டது. மாசிலாமணி சொல்ல வந்த விளக்கம் அந்தக் கூச்சலில் அமுங்கிப்போயிற்று.

தண்ணீர்ப் பானையருகே செம்போடு நின்ற ஆவுடையப்பருக்கு, உள்ளதைச் சொன்னால், இனித்தது. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், மாசிலாமணியின் கதை அன்றோடு முடிந்துவிடும். அப்போதுதான் அந்தக் கை கண்ணில் பட்டது. நீட்டிய இடது கை, பிடிப்பாரில்லாமல் அந்தரத்தில் நின்றுகொண்டிருந்தது. பதினெட்டுத் தேருக்குத் தமக்கு ஒருவரும் கை நீட்டாதது அவருக்கு நினைவு வந்தது.

செம்பைக் கீழே வைக்கவும் தோன்றாமல் ஓடினார். வலது கையில் செம்பு இருக்க, கரி படிந்த இடது கையால் மாசிலாமணியின் கையைப் பற்றிக்கொண்டார்.

"ஐயா, கோவப்படாதீய. எங்க சாரணர் மொற இது. நெஞ்சுக்குக் கிட்ட உள்ள கையின்னுதான் இடது கையக் குடுக்கோம்." தேரை நிமிர்ந்து பார்த்தார். "நம்ம சாமிக்கு இடது பக்கம் ஆரு இருக்கா? அம்மைதானே? சாரு ஒங்களுக்கு அம்மை பக்கத்துக் கையத்தான் நீட்டிருக்காவ. இத்தன வருசமா ஒங்ககிட்டச் சொல்லாமப் போனது என் தப்பு."

உலகநாதரும் நிமிர்ந்து பார்த்தார். தேரின் மேல் அம்மையின் இடக்கை பூவேந்தி நின்றது. அவர் தட்டைக் குருக்களிடம் கொடுத்துவிட்டு, தம் இடது கையை முதலில் மாசிலாமணிக்கு நீட்டினார். பிறகு ஆவுடையப்பருக்கும் நீட்டினார்.

பரிவட்டத்தை மாசிலாமணிக்கே கட்டினார்கள். ஆவுடையப்பர் பார்த்துக்கொண்டு நின்றார். எரியும் என்று காத்திருந்தார். எரியவில்லை.

பரிவட்டத் தலையோடு மாசிலாமணி அவரிடம் வந்தார். "அண்ணாச்சி, முப்பத்தெட்டு நாளா உங்க முடிச்சையேதான் பாத்துட்டிருந்தேன். இவ்வளவு செய்யற மனுசன் ஏன் அவுக்கவே மாட்டேங்கறார்னு. இன்னைக்கு அவுத்துட்டீங்க போல!"

ஆவுடையப்பர் குனிந்து பார்த்தார். ஸ்கார்ஃப் நுனி தளர்ந்து, சுருக்கத்தோடு தொங்கிக்கொண்டிருந்தது. அவர் தொடவில்லை. வலது கையில் செம்பு இன்னும் அப்படியே இருந்தது. இடது கையைக் கைகுலுக்கக் கொடுத்திருந்தார். தேரை ஏறிட்டுப் பார்த்தார், கண் நிறைந்துவிட்டது.

இரண்டு கையும் ஒழியாத தொண்டருக்குத் தன் இடக்கையைக் கொடுத்து முடிச்சவிழ்த்தாள் அம்மை. மனத்தின் கரியையும் அவளிடம் மறைக்காத ஆவுடையப்பரின் கரிக்கைக்கு நம் இடக்கை வணக்கம்.