அந்திமந்தாரை நாற்காலி

புதுச்சேரியில் ஜெசிந்தாவின் பட்டறைக்குள் போனால், அங்கிருக்கும் நாற்காலிகளில் உட்காருவதா, தண்ணீர் ஊற்றுவதா என்று தெரியாது. ஒன்று தாமரை, ஒன்று ஊமத்தை. படித்தவர்கள் அதைப் பின்நவீனத்துவம் என்பார்கள். "நாற்காலிக்கு நாலு கால்தான்னு எந்தச் சாமி சொல்லுச்சு?" என்பாள் ஜெசிந்தா.

ஒரு விதியை மட்டும் அவள் விடமாட்டாள். எவ்வளவு கோணலாகச் செய்தாலும் சரி, கண்காட்சிக்கே என்றாலும் சரி, யாராவது ஒருவரின் காலை அளந்த பிறகுதான் மரத்தில் கைவைக்க வேண்டும்.

மாசிலாமணி அவளைவிடப் பத்து வயது மூத்தவர். மூன்று வருஷமாக அவளிடம் தொழில் கற்றுவந்தார். கண்காட்சிக்கு நான்கு நாள் இருந்தபோது அந்திமந்தாரை நாற்காலி ஒன்றை முடித்தார். ஐந்து இதழும் சுற்றி நிற்க, நடுவில் இருக்கை. இது ஏழாவது. முந்தைய ஆறையும் அவரே உடைத்துப் போட்டிருந்தார்.

"மேடம், பூ சரியாத்தான் இருக்கு. வளைவு சரி, பாலீஷ் சரி. ஆனா முடிச்சுட்டுப் பார்த்தா வெறிச்சுன்னு இருக்கு. எங்க தப்பு?"

ஜெசிந்தா டேப்பை எடுத்துத் தரையிலிருந்து இருக்கைவரை அளந்தாள்.

"பதினாலு அங்குலம்."

"ஆமா."

"உடைச்ச ஆறும்?"

"பதினாலுதான்."

"யாரோட காலை அளந்தீங்கண்ணே?"

மாசிலாமணி உளியைத் துடைத்தார். துடைத்ததையே மறுபடியும் துடைத்தார். பட்டறையில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான், கேட்கத்தான் யாருக்கும் மனசு வந்ததில்லை. எட்டு வருஷத்துக்கு முன்னால் அவருடைய ஒரே மகள் தேன்மொழி மூளைக்காய்ச்சலில் இறந்துபோனாள். அப்போது அவளுக்கு ஒன்பது வயது.

"உட்கார்ந்து படிக்க ஒரு நாற்காலி கேட்டா மேடம். ஆசாரிகிட்ட கொடுக்கலாம்னு அளவெடுத்து வெச்சேன். அதுக்குள்ள..."

"அந்திமந்தாரை எதுக்கு?"

"அது பூக்கிற நேரத்துக்குத்தான் ஸ்கூல் வேன் வரும்."

ஜெசிந்தா டேப்பைச் சுருட்டிக் கீழே வைத்தாள்.

"இப்ப இருந்தா எத்தனை வயசு?"

அவர் யோசிக்கவே இல்லை. "பதினேழு."

"வீட்ல அண்ணி உசரமா?"

"என்னைவிட உசரம்."

"அப்ப பொண்ணும் உசரமாத்தான் இருப்பா."

"இருப்பா மேடம்." சொல்லும்போதே அவர் கண் கலங்கிவிட்டது.

ஜெசிந்தா அவருக்குப் பக்கத்தில், மரத்தூளின் மேலேயே உட்கார்ந்தாள்.

"பதினாலு அங்குலத்துல அவ எப்படிண்ணே உட்காருவா? முட்டி இடிக்குமே."