நாச்சிமுத்து மாஸ்டர் மலைக்குக் கட்டிய மூட்டை

எங்கள் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருக்கும் நாச்சிமுத்துவைப் புளுகன் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். புளுகுகிறவனுக்குத் தான் சொல்வது பொய் என்றாவது தெரியும். இவருக்கு அதுவும் தெரியாது.

போன ஞாயிற்றுக்கிழமை மூணுசுனைக் கரடு என்கிற பாறைக் குன்றில் ஏறிவிட்டுப் பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடுவது என்று நாங்கள் முடிவு பண்ணினோம். மாஸ்டர், செக்கிங் பிரிவில் இருக்கும் வசந்தாமணி அக்கா, கம்பெனி வேன் ஓட்டும் ஜபருல்லா, அயர்ன் டேபிளில் நிற்கும் நான். யார் என்ன கொண்டுவருவது என்று பேச்சு வந்தது. வசந்தாமணி அக்கா எலுமிச்சை சாதம் என்று வாயைத் திறந்தார். மாஸ்டர் கையை நீட்டித் தடுத்துவிட்டார்.

"ஆராச்சும் பை கிய்யுன்னு தூக்கீட்டு வந்தீங்கன்னா நான் அப்படியே ஊட்டுக்குத் திரும்பிருவேன். மலைக்கு மூட்டை கட்டறது ஒரு வித்தைங்க. எல்லாத்துக்கும் நானே கட்டறேன். நீங்க கையை வீசீட்டு வந்தாப் போதும்."

கையை வீசிக்கொண்டுதான் வந்தோம். அதுதான் நாங்கள் செய்த தப்பு. அந்தக் கரட்டில் கடை கண்ணி கிடையாது. எனக்கு வயிற்றில் புண். நேரத்துக்கு ஏதாவது உள்ளே போகாவிட்டால் வயிறு முறுக்கிப் பிடித்துக்கொண்டு ஓர் அடி எடுத்துவைக்க விடாது. இது கம்பெனி முழுக்கத் தெரிந்த சங்கதி. மாஸ்டருக்கும் தெரியும்.

காலையில் அவர் மூட்டையை வேனில் வைத்தபோதே எனக்குச் சந்தேகம் தட்டியது. சாக்கு உறைக்குள் ஒரு தலையணை அளவுக்குத்தான் இருந்தது. ஜபருல்லா அதை நகர்த்தப் போனான், அவன் முகம் மாறிவிட்டது.

"ஏனுங் மாஸ்டர், கனம் கல்லாட்ட இருக்குது. பாத்தா இத்தனாங்காணு இருக்குது. இதுல எல்லாத்துக்கும் சோறு இருக்குதுங்களா?"

"சோறு, தண்ணி, துண்டு, கயிறு, டார்ச்சு, மாத்துத் துணி, அத்தனையும் இருக்குது. இடுக்கில்லாம அடுக்கோணும் தம்பி. துணி மேல அச்சு வெச்சு வரையறப்ப ஒரு விரக்கடை வீணாப் போனாக்கூட எனக்கு அன்னைக்குச் சோறு எறங்காது. பைக்குள்ள மட்டும் காலி எடம் உடுவனா?"

அது உண்மைதான். அவர் துணி வெட்டினால் கழிவு மிகக் குறைவு. அதனால் நம்பி ஏறினோம்.

முதல் சுனையில் உட்கார்ந்தோம். கைநிறைய அள்ளித் தண்ணீர் குடித்துவிட்டு மூட்டையைப் பார்த்தேன். "மாஸ்டர், ரெண்டு இட்லி மட்டும் எடுத்துக் குடுத்தீங்கன்னா தேவலை" என்றேன்.

"இட்லி எங்கீமு ஓடிப் போகாது. மொதல்ல கயிறு எதுக்குக் கட்டுனேன்னு கேளு."

நான் கேட்கவில்லை. யாரும் கேட்கவில்லை. அவர் சொன்னார்.

"முந்தி ஒருக்கா நான் தனியா இந்தக் கரட்டுல ஏறறேன். உச்சி வெயிலு. மண்டை பொளக்குது. அண்ணாந்து பாத்தா ஒரே ஒரு மேகம், அதும் எங்கியோ வேலை இருக்கறாப்பல வெசயாப் போகுது. கயித்துல சுருக்குப் போட்டு வீசுனேன். சரியாக் கழுத்துல உழுந்துச்சு."

"மேகத்துக்குக் கழுத்து ஏதுங்க?" என்றார் வசந்தாமணி அக்கா. கப்பலேறப் போகிற பனியனில் ஊசி முனையளவு ஓட்டை இருந்தாலும் அக்கா கண்ணுக்குத் தப்பாது.

"இருந்ததுனாலதான அம்மிணி உழுந்துச்சு. கயித்தை இடுப்புல கட்டீட்டு நடந்தேன். நான் போற பக்கமெல்லாம் நெழலும் வருது. கீழ எறங்குனதும் பாவம்னு அவுத்து உட்டேன். போகமாட்டீங்குது. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் பின்னாலயே வந்துருச்சு. கண்டக்டரு டிக்கெட் கேட்டுப்போட்டாரு."

"வாங்குனீங்களாக்கு?" என்றான் ஜபருல்லா.

"அரை டிக்கெட்டு. சின்ன மேகந்தான்."

சொல்லிவிட்டு மூட்டையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடக்க ஆரம்பித்துவிட்டார். இட்லி விஷயம் அங்கேயே நின்றுபோனது.

வழியில் புல்லை விலக்கிக்கொண்டு போகும்போது ஜபருல்லா இங்கே அட்டை இருக்குமா என்று கேட்டுத் தொலைத்தான். காய்ந்த கரட்டில் ஏது அட்டை. ஆனால் மாஸ்டருக்கு அது போதும்.

"அட்டைக்கு அல்லாரும் உப்பைக் கட்டீட்டுப் போவாங்க. நான் போறதில்ல. எனக்குச் சக்கரை இருக்குதல்லோ? வால்பாறைப் பக்கம் காட்டுக்குள்ள போறப்ப ஒரு அட்டை கெண்டைக்கால்ல ஏறுச்சு. குடிக்கட்டும்னு உட்டுட்டேன். ரெண்டு உறிஞ்சுதான் உறிஞ்சியிருக்கும். தல சுத்திப் பொத்துனு உழுந்துருச்சு. எனக்கு மனசு கேக்கல. என்ற மாத்திரையில பாதியை நுணுக்கி வாயில வெச்சுத் தண்ணி தெளிச்சு எழுப்புனேன்."

"பொழைச்சுதுங்களா?" என்றான் ஜபருல்லா.

"நல்லாருக்குது. மறு வருசம் போனேன். அதே எலை மேல உக்காந்திருக்குது, எளைச்சுப் போயி. என்னையப் பாத்ததும் கால்கிட்ட வந்துச்சு. ஆனாக் கடிக்கல. இது வெறும் வயித்து ரத்தமுங்களா, சாப்பிட்டதுக்கு அப்பறம் உள்ளதுங்களான்னு கேட்டுது."

"அட்டை பேசுச்சாங்க மாஸ்டர்?" என்றார் அக்கா.

"சக்கரை வந்தவங்க நெம்பப் பேசுவாங்க அம்மிணி."

சர்க்கரை வந்தவர் ஒருத்தர் எங்களுக்கு முன்னால் பேசிக்கொண்டேதான் போய்க்கொண்டிருந்தார். அப்போதுதான் அவர் முதுகுப் பக்கம் சொட்டுச் சொட்டாக விழுவதை ஜபருல்லா பார்த்தான்.

"மாஸ்டர், மூட்டை ஒழுகுது."

"ஒழுகல. வேர்க்குது. கனத்தையெல்லாம் அதான தூக்கீட்டு வருது?"

"மஞ்சளா வேர்க்குதுங்க."

"சாம்பார் இருக்கற எடத்துல வேர்த்தா மஞ்சளாத்தான் வேர்க்கும்."

சாம்பார் வாசம் வந்தது. எனக்கு அந்த வாசத்திலேயே வயிறு திறந்துகொண்டது. இரண்டாவது சுனைக்கு வந்தபோது முறுக்க ஆரம்பித்துவிட்டது. நான் ஒரு பாறையில் குனிந்து உட்கார்ந்து, "மாஸ்டர், விளையாட்டில்லை, இப்பத் தின்னாத்தான் ஆகும்" என்றேன். அவர் என்னைப் பார்த்தார். மூட்டையைப் பார்த்தார். அதன் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அவரை அந்தச் சுனையில் தள்ளியிருப்பேன், எழுந்து நிற்கத் தெம்பு இருந்திருந்தால்.

"பகல்ல மலையேறறவனுக்கு டார்ச்சு எதுக்குன்னு கேப்பீங்க" என்றார்.

"கேக்கலீங்க" என்றார் அக்கா.

"முந்தி ஒரு நாள் நான் நடந்த வேகம் அப்படி. சாயங்காலத்தை முந்தீட்டுப் போயிட்டேன். முன்னால பாத்தா ராத்திரி. திரும்பிப் பாத்தா வெயிலு காயுது. சரி, ராத்திரிக்குள்ள வந்தாச்சு, டார்ச்சை எடுத்து அடிப்போம்னு அடிச்சேன். கை தவறி வெளிச்சம் கீழ ஊருல உழுந்துருச்சு. பொழுது விடிஞ்சுதுன்னு சேவலெல்லாம் கூவுது. பால் சொசைட்டியைத் தொறந்துட்டாங்க. பொம்பளைங்க வாசல் தெளிச்சுக் கோலம் போட்டுட்டாங்க. அங்க ஒரு கல்யாணம், விடியக்கால முகூர்த்தம். மேளம் கொட்டித் தாலியும் கட்டியாச்சு."

"அப்பறம்?" என்றான் ஜபருல்லா.

"அப்பறம் கை வலிச்சுது, டார்ச்சை அணைச்சேன். மறுக்காவும் கும்மிருட்டு. மாப்பிள்ளை திகைச்சுப் போயிட்டாரு. ஐயரு தெச்சணையை வாங்கலாமா வேண்டாமான்னு நிக்கறாரு. அந்தப் பொண்ணும் மாப்பிள்ளையும் எந்த நாள்ல கல்யாணமாச்சுன்னு தெரியாம இன்னைக்கும் வருசத்துக்கு ரெண்டு நாள் கொண்டாடறாங்க."

"அது என்ன பேட்டரிங்க?" என்றார் அக்கா.

"பழைய பேட்டரிதான். புதுசு போட்டிருந்தேன்னா சேவலுக்கெல்லாம் கண்ணு போயிருக்கும்."

மூன்றாவது சுனைக்கு ஜபருல்லா என்னைக் கைத்தாங்கலாகத்தான் கூட்டிக்கொண்டு போனான். கண் இருட்டிக்கொண்டு வந்தது. மாஸ்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "குரங்குகளுக்கு நான் எலை போட்டுப் பந்தி வெச்சப்ப, ஒரு குரங்கு ரசம் இன்னும் வர்லீன்னு கோவிச்சுக்கிட்டு…" என்று தொடங்கினார்.

"குரங்கு கோவிச்சது இருக்கட்டும்" என்றார் வசந்தாமணி அக்கா. "இந்தப் பையன் மூஞ்சியைப் பாருங்க, வெளுத்துப் போச்சு. மூட்டையைக் கீழ வையுங்."

குரலை உயர்த்தவில்லை. ஆனால் செக்கிங் டேபிளில் ஓட்டை விழுந்த ஒரு பீஸைத் தூக்கி எறியும்போது அவர் குரல் அப்படித்தான் இருக்கும். மாஸ்டர் மூட்டையைக் கீழே வைத்தார். ஜபருல்லா சாக்கு உறையை உருவினான்.

உள்ளே நீல நிறப் பிளாஸ்டிக் பட்டை குறுக்கும் நெடுக்குமாக இறுக்கிக் கட்டி, தகரக் கிளிப் அடித்திருந்தது. அந்தப் பட்டையை நாங்கள் தினமும் பார்க்கிறோம். கம்பெனியில் விழும் கழிவுத் துணியை ஒரு மிஷினில் போட்டு அமுக்கிப் பேல் கட்டுவார்கள். ஓர் அறை நிறையக் கிடக்கும் துணி அதற்குள் போனால் ஒரு பெட்டி அளவுக்கு வெளியே வரும்.

ஜபருல்லா பட்டையை விரலால் சுண்டிப் பார்த்தான்.

"மாஸ்டர்," என்றான் ஜபருல்லா, "இட்லியைப் பேல் மிஷின்ல வெச்சு அமுக்கீட்டீங்களா?"

"பின்ன? கையில அமுக்குனா இந்தச் சுத்தம் வருமா? காலையில வர்ற வழியில கம்பெனிக்குப் போயி ரெண்டு தடவ அமுக்குனேன்."

"பட்டையை அறுக்கக் கத்தி?"

"கத்தி இல்லாம மலைக்கு வருவனா தம்பி? பத்தரமா உள்ள இருக்குது."

வழியெல்லாம் அந்த மூட்டையை ஏன் திறக்கவில்லை என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஜபருல்லா ஒரு கூர்க்கல்லைத் தேடி எடுத்துப் பட்டையை ராவினான். பட்டை அறுபடுவதற்குள் என் உயிர் அறுந்துவிடும் போலிருந்தது. கடைசியில் டப்பென்று தெறித்தது.

அதற்குள் இருந்ததை என்னவென்று சொல்வது. பலகை. அவ்வளவுதான். இட்லி எங்கே முடிகிறது, துண்டு எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. தண்ணீர் பாட்டில் காகிதமாகியிருந்தது. சாப்பாட்டு டப்பா தட்டாகியிருந்தது. வாழைப்பழம் மாற்றுச் சட்டைக்குள் பூப்போட்ட மாதிரி இறங்கியிருந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது, சொல்வதற்கு வெட்கமில்லை.

மாஸ்டர் வாயே திறக்கவில்லை. அவரை அப்படி நான் பார்த்ததில்லை. பிறகு சட்டைப் பையிலிருந்து துணியில் கோடு போடும் சாக்கட்டியை எடுத்தார். துண்டையும் சட்டையையும் தோலுரிப்பது போல் மெதுவாக உரித்தார். நடுவிலிருந்து கத்தியைப் பிடுங்கினார். மிச்சமிருந்த வெள்ளைப் பலகை மேல் கோடு போட்டு, சாக்கட்டி பட்ட ஓரத்தைச் சீவி எறிந்துவிட்டு, ஆளுக்கொரு துண்டாக அறுத்தார். ஒன்றுக்கொன்று மயிரிழை வித்தியாசமில்லை. பெரிய துண்டை யார் எடுத்தார்கள் என்று சண்டை போடவே முடியாது. முதல் துண்டை என் கையில் வைத்து, "தின்னு கண்ணு" என்றார்.

தின்றேன். பசிக்கு ருசி ஏது. பாதி போனதும் வயிற்று முறுக்கு விட்டது, கண் தெளிந்தது. நான் நிமிர்ந்து உட்கார்ந்ததை மாஸ்டர் ஓரக்கண்ணால் பார்த்துவிட்டார். அவருக்கும் உயிர் வந்துவிட்டது. கத்தியைத் துடைத்து மடக்கிக்கொண்டு, தொண்டையைச் செருமினார்.

"இட்லி, சாம்பார், தேங்காச் சட்னி, வாழப்பழம். இந்த நாலையும் ஒரே கடியில தின்னவன் இந்தச் சில்லாவுல ஒருத்தனைக் காட்டுங்க பாப்போம்."

வசந்தாமணி அக்கா நிதானமாக மென்று விழுங்கிவிட்டு, வாயோரத்து நுரையைப் புறங்கையால் துடைத்துக்கொண்டார்.

"நாலில்லீங் மாஸ்டர், அஞ்சு. குளிக்கற சோப்பை உட்டுட்டீங்க."